நெருப்பைக் கையாளத் தெரிந்தவர்

ஓர் ஆளைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினால் அவர் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும். முதலில் அவர் முடி வெட்டிக்கொள்ளும் கடை. அடுத்து, முன்பு அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். அப்புறம் பழைய முதலாளி, பக்கத்து வீடு. தாளில் பாதி நிரம்பிய பிறகுதான் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவேன். எடுத்தவுடனே வீட்டுக்குப் போனால் மனைவி அழுவார், பிள்ளைகள் மிரண்டு நிற்கும், நமக்கும் மனசு இளகிவிடும். இல்லாவிட்டால் அந்த ஆள் நமக்கு முந்திக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போய், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்.

நான் மணியம். போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேலையின் பிற்பாதி முழுக்கத் தீவைப்பு வழக்குகள். தீ எங்கே தொடங்கியது, எதனால் தொடங்கியது என்பதைத் தீயணைப்புக்காரர்கள் பார்ப்பார்கள். அந்தக் கட்டடத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள், யாரோடு தகராறு என்பதை நான் பார்ப்பேன். சந்தேக நபரின் பின்னணி அறிக்கை என்று அதற்குப் பெயர்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஐ.சி. என்ற அடையாள அட்டை நம்பரைத் தட்டினால் போதும், எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் மழையில் மோட்டார்சைக்கிளில் போய், நாயிடம் கடிபட்டு வாங்கி வந்த விவரத்தை அவர்கள் குளிர்சாதன அறையில் அரை நிமிஷத்தில் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் திரையில் இருக்கும் வரியை எழுதியது யார் என்று அவர்கள் யோசிப்பதில்லை. யாரோ ஒரு மணியம் எழுதியிருப்பான். அந்த மணியம் எவ்வளவு பெரிய மடையன் என்பது திரையில் வராது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூலாய் பக்கம் தோட்டத்தில் பிறந்தேன். இருபது வயதில் போலீஸ் பயிற்சிக்குப் போனேன். ஆறு மாதம் ஓடினேன், ஓடினேன், ஓடிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ரோந்து, அப்புறம் போக்குவரத்து. ஒரு நாள் சாதாரண உடையில் வரச் சொல்லிக் குற்றப் புலனாய்வில் உட்கார வைத்தார்கள். எனக்கு மலாய் நன்றாக எழுத வரும் என்பதுதான் காரணம். மூளை இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

மூவாருக்கு மாற்றலாகிப் போனபோது எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ரஷீட். துவான் ரஷீட் என்றுதான் கூப்பிடுவோம், துவான் என்றால் மலாயில் ஐயா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அறிக்கையை நின்றுகொண்டுதான் படிப்பார். மூக்குக்கண்ணாடி நெற்றியிலேயே இருக்கும், கண்ணுக்கு இறங்காது. கையில் பென்சில். ஒவ்வொரு வரியிலும் பென்சிலை நிறுத்தி, “சியாப்பா சாக்காப்?” என்பார். யார் சொன்னது? சொன்னவர் பெயர், ஐ.சி. நம்பர், நாள், இடம் நாலும் இருந்தால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். இல்லாவிட்டால் அந்த வரியையே அடித்துவிடுவார்.

ஒருமுறை, ‘இவர் குடிகாரர் என்று கம்பத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“எல்லாருமா?”

“ஆமா துவான், எல்லாரும்தான்.”

“அப்ப எல்லாரோட ஐ.சி. நம்பரும் எழுதிக்கிட்டு வா.”

மத்தியானம் வரைக்கும் வெயிலில் வீடு வீடாகச் சுற்றினேன். கடைசியில் அந்த ஆள் குடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தர் அவரோடு சேர்ந்து குடித்தவர். துவான் சிரிக்கக்கூட இல்லை. இரண்டு பேருக்கும் கோடு போட்டார்.

அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று, ‘இவர் நல்லவரா?’ என்று யாரிடமும் கேட்கக் கூடாது என்பது. கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள், நமக்கெதற்கு வம்பு என்று. அதனால் நான் இரண்டு கேள்விகள் வைத்திருந்தேன். கோபம் வந்தால் அவர் என்ன செய்வார்? இதற்கு முன் அவர் இருந்த இடத்தில் ஏதாவது தீப்பிடித்திருக்கிறதா?

இரண்டாவது கேள்வி ஒருமுறை எனக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒரு தையல் கடை எரிந்துபோனது. முதல் ஆளாக வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர், கடைக்காரம்மாவைவிட அதிகமாக அழுதவர், மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு மனிதர். சாதுவான முகம். அவருடைய பழைய வீட்டுக்காரரைத் தேடி சிகாமட் வரை போனேன். “அட, அந்தத் தம்பியா? எங்க வீட்லயும் ஒரு நாளு திரைச்சீல எரிஞ்சுச்சுங்க. அவருதான் ஓடிவந்து அணைச்சாரு, பாவம்” என்றார். அதற்கு முந்தைய முதலாளியிடம் போனால், அங்கேயும் சாமான் அறையில் ஒரு சின்னத் தீ, அங்கேயும் இவரே அணைத்திருக்கிறார். துவான் கேட்ட மூன்றாவது கேள்வியிலேயே ஆள் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. மணியம் எழுதினால் மறுபேச்சு இல்லை என்று நானே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் சன்னாசியின் கேஸுக்குப் போனேன்.

மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலைகள் அதிகம். அதில் ஒன்று, ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மரத்தைத் தேய்க்கும் பகுதியும் சாயம் பூசும் பகுதியும் சாம்பல். யார் மீதாவது சந்தேகமா என்று கேட்டதும் சூப்பர்வைசர், அங்கே வேலை பார்த்த சன்னாசியின் பெயரைச் சொன்னார். மூன்று நாளைக்கு முன் சன்னாசி பத்து நாள் லீவு கேட்டிருக்கிறார். கொடுக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலை மேசையில் போட்டுவிட்டு வெளியே போனவர் திரும்ப வரவில்லை.

சன்னாசிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கோயிலில் வைத்துத்தான் பிடித்தோம். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு. எதற்கு லீவு கேட்டார் என்பது அவரைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்ட ஆள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விளக்க வேண்டியவர்களுக்கும் நான் விளக்கவில்லை. அதுதான் கதையே.

அவருக்கு எதிராக இருந்தவை சின்ன விஷயங்கள் இல்லை. வேலையிடத்தில் தகராறு. வீட்டில் விசாரித்தால், ‘ஆறு நாளா வீட்டுப் பக்கமே வரல’ என்று மனைவி சொன்னார். விரதம், கோயிலில் படுத்தார், சரி. ஆனால் தீப்பிடித்த நேரத்தில் குளிப்பதற்காகத் தனியாக ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார், பார்த்தவர் யாருமில்லை. முழங்காலுக்குக் கீழேயும் கைகளிலும் பழைய தீக்காயத் தழும்புகள். தடுப்புக் காவலுக்கு முதலில் ஏழு நாள் கிடைத்தது.

லாக்கப்பில் கயிறு, பெல்ட் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. காப்பை அறுக்க வேண்டும் என்று காவலுக்கு இருந்தவர் கத்தரிக்கோலோடு நின்றார். சன்னாசி கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “சார், உயிர வேணா எடுத்துக்கங்க, இத மட்டும் வேணாம் சார்” என்றார். நான் ஓடிப்போய்த் துவானைக் கூட்டி வந்தேன். அவர் அந்தக் கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தார், ஒரு முழம்கூடத் தேறாது என்று கணக்குப் போட்டார், “இருக்கட்டும்” என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழமும் பாலும் வெளியிலிருந்து வரலாம் என்று இன்னொரு கையெழுத்து.

“சார்,” என்று சன்னாசி என்னிடம் மெதுவாகக் கேட்டார், “இன்னியிலருந்து எட்டாம் நாளு தீமிதி. ஏழு நாள்ல விட்டுருவாங்கல்ல? குழிக்கு வேற ஆளு இல்ல சார். மச்சான் மவனுக்குக் கட்ட அடுக்கத் தெரியும், தணலு பரப்பத் தெரியாது. ஜனங்க காலு என்னாவும்?”

“கவலப்படாதீங்க. உங்களப் பத்தி நான்தான் எழுதறேன்” என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவரைத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, அந்தக் கோயிலில் நேர்ந்துகொண்டு நானும் பூக்குழி இறங்கினேன். இருநூறு பேர் இறங்கிய குழி, என் முகம் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? ஆனால் குழிக்கரையில் நீளக் கம்போடு நின்று, தணலைச் சமமாகத் தட்டி, வேகாத கட்டையையும் ஆணியையும் பொறுக்கி வெளியே தள்ளி, கடைசியில் உள்ளங்கையைத் தணலுக்கு மேல் நீட்டிப் பார்த்துவிட்டு, ‘ம், எறங்கலாம்’ என்று சொன்ன மனிதரை எனக்கு மறக்கவில்லை. இதைத் துவானிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கேஸிலிருந்து விலக்கிவிடுவார். அப்புறம் சன்னாசிக்காக நல்லபடியாக எழுத ஆள் ஏது?

முடிவெட்டும் கடை, பழைய முதலாளி, பக்கத்து வீடு எல்லாம் போனேன். குற்றப் பதிவு எதுவும் இல்லை. அவர் இருந்த இடம் எதுவும் எரிந்ததில்லை. கோபம் வந்தால் என்ன செய்வார் என்று மனைவியைக் கேட்டேன். “கோயிலுக்குப் போய்ட்டு வருவாரு, சரியாயிரும்” என்றார். கடைசியாகக் கோயில் தலைவரைப் பார்த்தேன். “இருவது வருஷமா அவன் போட்ட குழியில ஒருத்தருக்கு ஒரு கொப்பளம் வந்ததில்ல. நெருப்பு அவன் சொன்னபடி கேக்கும்யா” என்றார். எனக்குப் புல்லரித்தது. அதை அப்படியே மலாயில் அழகாக எழுதினேன்: இருபது வருஷமாகக் கோயில் விழாவில் நெருப்புக் குழியின் பொறுப்பாளர், பெரிய அளவில் நெருப்பை மூட்டவும் கட்டுப்படுத்தவும் கைதேர்ந்தவர், ஊரில் நம்பிக்கைக்கு உரியவர்.

துவான் நின்றபடியே படித்தார். அந்த வரியில் பென்சில் நின்றது.

“சியாப்பா சாக்காப்?”

கோயில் தலைவரின் பெயர், ஐ.சி. நம்பர், நாள், இடம் நாலையும் சொன்னேன். கோடு போட்டார். அப்புறம் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். அசந்துவிட்டார் மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலையில் சன்னாசியை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோனோம். இன்றைக்கு விட்டால் நாளைக் காலை குழிக்குப் போய்விடலாம். அவர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். துவான் எழுந்து, விசாரணை முடியவில்லை, தீயணைப்பு அறிக்கை இன்னும் வரவில்லை, மேலும் ஏழு நாள் வேண்டும் என்றார். காரணங்களை வரிசையாகச் சொன்னார். தகராறு, தழும்புகள், அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி இல்லாதது. கடைசியாக, “சந்தேக நபர் பெரிய அளவில் நெருப்பை மூட்டவும் கட்டுப்படுத்தவும் கைதேர்ந்தவர் என்று எங்கள் பின்னணி விசாரணையில் தெரியவந்துள்ளது” என்று வாசித்தார்.

என் வரி. ஒரு சொல் மாறவில்லை. கோயிலும் விழாவும் மட்டும் அதில் இல்லை. மாஜிஸ்திரேட் தலையை நிமிர்த்தி சன்னாசியை ஒரு பார்வை பார்த்தார், ஏழு நாள் கொடுத்தார். சன்னாசிக்கு மலாய் தெரியும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீங்க எழுதுனதா சார்?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கார் நிறுத்துமிடத்தில் துவானைப் பிடித்தேன். “துவான், அந்த வரி அவருக்கு எதிரா எழுதினது இல்ல. அது சாமி காரியம். நாளைக்கு அவர் போய்த்தான் அந்தக் குழியச் சரி பண்ணணும்.”

“அந்தக் குழின்னா என்னன்னு ஏன் எழுதல?”

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். “எனக்குத் தெரியாது மணியம். மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியாது. உனக்கு எப்படி இவ்வளவு நல்லாத் தெரியும்?”

“போன வருஷம் நானும் அந்தக் குழியில இறங்கினேன்.”

“கால்?”

“ஒண்ணும் ஆகல, துவான்.”

“அலமாக்!” என்றார், அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். “இந்த நிமிஷத்திலேருந்து நீ இந்தக் கேஸ்ல இல்ல. ஸ்டேஷனுக்குப் போ. அந்தக் குழின்னா என்ன, அவரு அதுல என்ன செய்வாரு, தழும்பு எப்படி வந்துச்சு, எல்லாத்தையும் ஒரு பக்கம் எழுது. உனக்கு அவரைத் தெரியும்கிறதையும் எழுது.”

எழுதினேன். அவர் அதை என் அறிக்கைக்குப் பின்னால் இணைத்தார். ஆனால் ஏழு நாள் கொடுத்தது கொடுத்ததுதான்.

மறுநாள் தீமிதி நடந்தது. மச்சான் மகன்தான் தணல் பரப்பினான். ஒன்பது பேருக்குக் கால் வெந்துபோனது, அதில் ஓர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காப்புக் கட்டினவன் லாக்கப்பில் கிடந்தால் ஆத்தா சும்மா இருப்பாளா என்று ஊரில் பேசினார்கள். பழி போலீஸ் மேல் வரவில்லை, அவர் மேல் போய் விழுந்தது.

பதின்மூன்றாம் நாள் தீயணைப்பு அறிக்கை வந்தது. முந்தின நாள் தேய்க்கும் இயந்திரத்தில் ஓர் ஆணி பட்டுப் பொறி கிளம்பியிருக்கிறது. அது தூசி உறிஞ்சும் குழாய் வழியாக மரத்தூள் மூட்டைக்குள் போய், உள்ளுக்குள்ளேயே கனிந்து, விடியற்காலையில் பற்றிக்கொண்டது. யாரும் வைத்த தீ இல்லை. சன்னாசி மணிக்கட்டில் காப்போடு வெளியே போனார். கோயிலில் அதை அவிழ்த்துவிட யாரும் முன்வரவில்லை, ஆற்றில் இறங்கி அவரே அவிழ்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு தெப்ராவ் பக்கம் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டிய கை அந்த ஒரு கதவுக்கு நீளவில்லை.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம் ஓர் அழைப்பு வந்தது. தெப்ராவ் பக்கம் வேலை செய்யும் இன்ஸ்பெக்டர் ஷர்மிளா. சின்ன வயசு, சுறுசுறுப்பான பெண்.

“அங்கிள், இங்க ஒரு குடோன் எரிஞ்சிருச்சு. அங்க வாட்ச்மேன் வேல பாக்குற ஒருத்தரோட பேர செக் பண்ணா, பழைய கேஸ் ஒண்ணு வருது. பெரிய நெருப்ப மூட்டறதுல கைதேர்ந்தவர்னு போட்டிருக்கு. கீழ உங்க பேரு. ஆள உள்ள வச்சிரலாமா?”

“அதுக்குப் பின்னால ஒரு பக்கம் இருக்குமே, அதப் படிச்சியாம்மா?”

“பின்னால ஒண்ணும் இல்லயே அங்கிள். இந்த ஒரு பக்கம்தான் கம்ப்யூட்டர்ல இருக்கு.”

நான் எழுதிய விளக்கம் எங்கோ ஒரு கோப்பில் மக்கிப்போயிருக்கிறது. யாரோ தட்டச்சு செய்தபோது கோயிலையும் விழாவையும் விட்டுவிட்டு, முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். வரி மட்டும் உயிரோடு இருக்கிறது. ‘நான் வர்ற வரைக்கும் அவரு மேல கை வைக்காதே’ என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

ஷர்மிளாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தேன். காப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெண்ணும் தமிழ்ப் பெண்தான், ‘எனக்குத் தெரியும் அங்கிள்’ என்றாள். தெரிந்தாலும் எழுது என்றேன். எல்லாவற்றையும் தட்டி, பழைய வரிக்கு நேராகச் சேர்த்தாள். குடோன் எரிந்த நேரத்தில் சன்னாசி கிளினிக்கில் மருந்துக்காகக் காத்திருந்தது கேமராவில் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுடைய ஆள் வந்து சொன்னார். சன்னாசியைப் போகச் சொல்லிவிட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். “நான் செஞ்சது தப்பு. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிருங்க.”

“பரவால்ல சார். நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்கன்னு அந்தத் துவான் என்னை விடும்போதே சொன்னாரு.”

“இங்க ஏதாவது கோயில்ல குழி போடறீங்களா?”

“இல்ல சார். அதெல்லாம் விட்டாச்சு.” உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, “ரெண்டு வருஷம் முன்ன அப்பா தவறிட்டாரு. மூவார்லதான் எடுத்தோம், கட்ட அடுக்கி. நான்தான் மூத்தவன்” என்றார்.

“அப்ப நீங்கதானே கொள்ளி வச்சிருப்பீங்க?” என்றேன்.

“கொள்ளிய எங்கிட்டதான் நீட்டுனாங்க. தம்பிய வைக்கச் சொல்லிட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் காறித் துப்பாத கொற. இப்ப எல்லாரும் ஃபோன்ல படம் எடுக்குறாங்கல்ல சார். என் கையில நெருப்பு இருக்குற மாதிரி ஒரு படம் எங்கயாச்சும் இருந்துருச்சுன்னா?”